பள்ளத்துக்கு மூலை கூடாது

மேரோ க்ரீக் தொடக்கப் பள்ளியின் விளையாட்டு மைதானம் ஒவ்வொரு மார்ச் மாதமும் மழைக்குப் பிறகு உள்வாங்கும். மைதானம் முழுவதும் அல்ல. ஊஞ்சலுக்கும் வேலிக்கும் நடுவே எழுபத்தைந்து அடி நீளம், முப்பது அடி அகலத்தில் ஒரு செவ்வகம் மட்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே போகும். அதை நிரப்புவது லூஷியஸ் டார்வரின் வேலை. அவர் பள்ளியின் பராமரிப்புப் பணியாளர், வயது அறுபத்தாறு. குழாய், கொதிகலன், ஒழுகும் கூரை, பிள்ளைகள் வாந்தியெடுத்த வகுப்பறை எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்தொன்பது வருடமாகத் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து கொட்டினார். பள்ளமும் இருபத்தொன்பது வருடமாக அதை விழுங்கியது. இருவருக்கும் இடையில் ஒரு மாதிரி சமாதானம் நிலவியது.

அந்த வருடம் வடக்கு மூலை மட்டும் இரண்டடி இறங்கிவிட்டது. லூஷியஸ் அங்கே ஒரு நாலடிக் கம்பியைச் செருகிப் பார்த்தார். கம்பி எதிலும் தட்டாமல் கைப்பிடி வரைக்கும் போயிற்று. கீழே வெற்றிடம், மேலே நானூறு பிள்ளைகளின் ஓட்டம். இதற்குத் தள்ளுவண்டி மண் பத்தாது. ஒப்பந்தக்காரரை வரவழைத்து, தோண்டி, அடியில் கிடப்பதை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் கெட்டியாக மூட வேண்டும்.

அதற்கு ஒரு படிவம் உண்டு. படிவத்தில் ஆறாவது கட்டம், 'பழுதுக்கான காரணம்'. லூஷியஸ் கொட்டை எழுத்தில் எழுதினார்:

"கீழே பழைய நகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. கறுப்புப் பிள்ளைகளையும் உள்ளே விடவேண்டும் என்று 1963இல் நீதிமன்றம் சொன்னதால், விடுவதற்குப் பதில் குளத்தையே மூடிவிட்டார்கள். உடை மாற்றும் அறையை உடைத்து, அந்தப் பலகைகள், பெஞ்சுகள், குதிக்கிற பலகை எல்லாவற்றையும் உள்ளே போட்டு மண் தள்ளினார்கள். மரம் மக்குகிறது. மண் இறங்குகிறது. வடக்கு மூலைதான் ஆழமான பக்கம். அவசரம்."

ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்தார். இன்னொரு நகலை, விதிப்படி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பள்ளத்தின் ஓரம் நிறுத்திய ஆரஞ்சுக் கூம்பில் ஒட்டினார். அந்த விதியைப் போட்டதும் பள்ளி வாரியம்தான். அதை அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நாலாம் வகுப்பு ஐவி காசில்பெரி வாசிப்பில் கெட்டிக்காரி. பல்பொடி டப்பா கிடைத்தாலும் அடி வரி வரைக்கும் படிப்பாள். கூம்பையும் படித்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் அம்மாவின் அப்பாவைப் பார்த்து, "தாத்தா, நீங்க சின்ன வயசுல நகராட்சி லாரிதானே ஓட்டினீங்க? அந்தக் குளத்துக்கு மண்ணு நீங்களா கொண்டுபோனீங்க?" என்று கேட்டாள். கேள்வியில் குற்றம் எதுவும் கிடையாது. லாரி ஓட்டிய தாத்தா என்று அவளுக்குப் பெருமைதான். தாத்தா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஐவியின் அம்மா புகார் கொடுத்தாள். பள்ளியில் என் மகளுக்கு விமர்சன இனக் கோட்பாடு கற்பிக்கப்பட்டிருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் ஒரு முதியவருக்கு மனச்சங்கடம் ஏற்பட்டிருக்கிறது.

இந்தக் கோட்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது, நிறபேதம் சட்டத்துக்குள்ளேயே எப்படிப் புகுந்து நிற்கிறது என்று சட்டக் கல்லூரிகளில் பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் பேசிக்கொள்கிற சமாசாரம். மேரோ க்ரீக்கில் அதைப் படித்தவர் யாரும் இல்லை. ஆனால் பள்ளிகளில் அது கூடாது என்று வாரியம் தீர்மானம் போட்ட நாளிலிருந்து ஊரில் எங்கே திரும்பினாலும் அது தென்பட ஆரம்பித்துவிட்டது. நூலகத்தில் பார்த்தார்கள், பாட்டு வகுப்பில் பார்த்தார்கள், ஒருமுறை மதிய உணவுப் பட்டியலில் பார்த்தார்கள். ஆரஞ்சுக் கூம்பில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல்வர் ஷெல்பி ராங்கின் நல்ல பெண்மணி. யாருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். அதனால் யார் கடைசியாக அவர் அறையை விட்டுப் போகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருடைய கருத்து.

"மிஸ்டர் லூஷியஸ், உக்காருங்க. நீங்க எழுதுனது பொய்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்தக் கட்டம் எவ்வளவு சின்னது பாருங்க, அதுக்குள்ள போய் இவ்வளவு வரலாறா? 'மழை'ன்னு எழுதிடுங்களேன்."

"மழை மைதானம் பூராவுந்தாம்மா பெய்யுது. எறங்குறது இது ஒண்ணுதானே?"

"அத யாரு வந்து கேக்கப்போறா?"

ஒப்பந்தக்காரர் கேட்டார். முதல்வர் சொன்னபடி 'மழை' என்று எழுதி அனுப்பிய இரண்டாவது படிவம் நாலே நாளில் திரும்பி வந்தது. சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "மழைக்குச் செவ்வகமாகப் பெய்யத் தெரியாது. அடியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தராமல் எங்கள் இயந்திரத்தை மேலே ஏற்ற மாட்டோம்." என்ன இருக்கிறது என்று எழுதிய முதல் படிவமோ விசாரணையில் இருந்தது. ஆக, பொய்யை வைத்துப் பள்ளத்தை மூட முடியாது, உண்மையை வைத்து மூட அனுமதி கிடையாது.

வீட்டில் மனைவி வெர்னா சோளரொட்டியைத் தட்டில் வைத்தபடி ஆரம்பித்தாள்.

"கெழவா, நாளைக்கே வேலைய விட்டுட்டு வந்துரு. பள்ளம் அவங்க பள்ளம். விழட்டும், எந்திரிக்கட்டும், ஒனக்கென்ன?"

"ஆழமான பக்கம் எதுன்னு இப்ப அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும் வெர்னா. நானும் வந்துட்டா யாரு பாத்துக்குவா?"

"ரொம்பத்தான் தெரியும். ஒருநா அதுல கால நனைச்சிருப்பியா நீ?"

கேலியாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே சுருக்கென்றது. இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கால் நனைக்கவில்லைதான். ஏழு வயதில், குளம் எல்லோருக்கும் என்று சொன்ன அந்த நாளில், அம்மா வாங்கித் தந்த சிவப்பு நிஜாரைப் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே வரிசையில் நின்றார். கதவு திறந்தபோது உள்ளே போனது லாரிகள். அறுபது வருடம் ஆகப்போகிறது. இன்னும் அதை நினைத்தால் லூஷியஸுக்குக் காது மடல் சூடாகும். அத்தனை பேர் பார்க்க நிஜாரோடு நின்ற வெட்கம். வெட்கப்பட வேண்டியது யார் என்று தெரிந்தும் அது போகவில்லை.

விசாரணை பள்ளி வாரியக் கூட்டத்தில் நடந்தது. முதலில் ஜெபம், பிறகு கொடி வணக்கம். யார் பேசினாலும் மூன்று நிமிடம். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. சிவப்பு எரிந்தால் ஒலிவாங்கி தானாகச் செத்துவிடும். தலைவர் டென்னிஸ் ஹார்குரோவ் மரச்சாமான் கடைக்காரர். அவருக்கு லூஷியஸைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனாலும் அவர் 'லூஷியஸ்' என்பார், இவர் 'சார்' என்பார். அது ஊர் வழக்கம்.

வாரியத்தின் வழக்கறிஞர் பென்ரோஸ் எழுந்தார்.

"மிஸ்டர் டார்வர், உங்க பாடத்திட்டத்தக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"நீங்க நடத்துன பாடத்துக்கு."

"நான் தரை தொடைக்கிறவன் சார். பாடம் நடத்துனதில்ல."

"ஒரு மாணவி நீங்க எழுதுனதப் படிச்சா. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டா. அப்புறம் ஒரு கேள்வியும் கேட்டா. இத விட வேற எத நீங்க பாடம்னு சொல்லுவீங்க?"

பென்ரோஸ் பதிலுக்கு நிற்காமல் குறிப்பெடுப்பவர் பக்கம் திரும்பினார்.

"ஆக, பாடத்திட்டமே இல்லாம கத்துக்குடுத்திருக்காரு. குறிச்சுக்குங்க."

பிறகு பொதுமக்கள் பேசினார்கள். ஒருவர், எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, பள்ளம் என்று சொல்லித்தருவதென்றால் மேடு என்றும் சொல்லித்தர வேண்டும் என்றார். கைதட்டல். இன்னொருவர், அந்தக் கோட்பாடு என்றால் என்ன என்று தலைவர் விளக்குவாரா என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சு வச்சுக்கறதே ஆபத்துன்னு வக்கீல் சொல்றாரு. அதனால நான் தெரியாமத்தான் எதுக்குறேன், முழு மனசோட எதுக்குறேன்" என்றார் தலைவர். இதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

லூஷியஸின் பக்கம் பேசவும் ஒருவர் வந்தார். புத்தகக்கடை வைத்திருக்கும் பெண்மணி. பள்ளத்தை மூடவே கூடாது, அது நம் எல்லோருடைய காயம், அதைச் சுற்றி மெழுகுவர்த்தி ஏற்றிக் கைகோத்து நிற்கவேண்டும் என்றார். பிறகு லூஷியஸின் தோளைத் தொட்டு, "உங்க வலிய எங்களோட பகிர்ந்துக்குங்க. நாங்க கேக்கத் தயாரா இருக்கோம்" என்று கண் கலங்கினார்.

"வலி ஒண்ணுமில்லம்மா. மூலையில மண்ணு தொங்கிட்டு நிக்குது. பிள்ளைங்க விழுந்துரும், மூடணும்."

அம்மையாருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

லூஷியஸின் மூன்று நிமிடம் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. 1971இல் பள்ளி கட்டியதற்கு முந்தைய எந்த வருடத்தையும் சொல்லக்கூடாது என்று பென்ரோஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"அடியில பலகைங்க கெடக்கு சார். பாதி மக்கிப்போச்சு. வடக்கு மூலையில ஒம்பதடி ஆழம்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

"போடும்போது பாத்தேன் சார்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"வேலிக்கு வெளிய நின்னு."

"ஏன் வெளிய? உள்ள வந்து பாத்திருக்கலாமே?"

பென்ரோஸ் துள்ளி எழுந்தார். "தலைவர் அவர்களே, அந்தக் கேள்வியத் திரும்ப வாங்கிக்குங்க. அதுக்கு அவரு பதில் சொன்னா நீங்களே கோட்பாட்ட வரவழைச்ச மாதிரி ஆயிரும்."

தலைவர் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்ற காரணத்தைச் சொல்ல முடியாததால் வேலிக்கு வெளியே நின்றது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே நிற்காதவர் பலகையைப் பார்த்திருக்க முடியாது என்பதால் பலகையும் நீக்கப்பட்டது. பலகை இல்லாத இடத்தில் மண் இறங்கக் காரணம் இல்லை. "அப்ப பள்ளம் எப்படி சார் வந்துச்சு?" என்று லூஷியஸ் கேட்டபோது சிவப்பு எரிந்துவிட்டது. அவர் வாய் அசைந்ததை மட்டும் கூட்டம் பார்த்தது.

தலைவர் முடிவுரை ஆற்றினார். அவருக்கு விளக்கு கிடையாது.

"ஏதோ ஒரு தரப்புதான் இழந்துச்சுன்னு பேசுறாங்க. நான் கேக்குறேன், எனக்கு இழப்பு இல்லையா? அந்தக் குளத்துலதான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன். ஒரே நாள்ல போச்சு! ஒம்பது வயசுப் பையன், நான் அழுத அழுகை இருக்கே! எங்கப்பா நகர சபையில இருந்தாரு. அவருதான் கையெழுத்தும் போட்டாரு. ஆனா எவ்வளவு மனசு கஷ்டப்பட்டா வீட்டுப் பின்னாடியே எனக்கு ஒரு குளம் வெட்டிக் குடுத்திருப்பாரு? நாங்க யாரையும் தடுக்கல. யாருக்குமே வேணாம்னு சமமா முடிவு பண்ணோம். சமத்துவத்த இந்த ஊருக்கு யாரும் வந்து கத்துத்தர வேண்டியதில்ல."

பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல்வர் ராங்கின் இருபக்கமும் பார்த்துவிட்டுப் பாதி எழுந்தார்.

பள்ளத்தை ஆராயப் பதினோரு பேர் கொண்ட நடுநிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு தலைக்கவசம் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தது. பாதுகாப்பு கருதி வடக்கு மூலைக்கு ஒருவரும் போகவில்லை. பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் மற்ற மூன்று மூலையிலும், நான்கு பக்கத்து நடுவிலும் நின்று, தமக்கு உண்டாகும் மனச்சங்கடத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டார். பக்கங்களில் சராசரி இரண்டு. மூலைகளில் ஏழு. மூலையில் நின்று பார்த்தால்தான் பார்க்கிறது குளம் என்று தெரிகிறது என்று ஓர் உறுப்பினர் குறிப்பும் எழுதினார். போதாததற்கு, நாலாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பரப்பளவு பாடத்துக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அளக்க வைத்தது தெரியவந்தது. டீச்சருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

அறிக்கை முப்பத்திரண்டு பக்கம். சாராம்சம் ஒன்றுதான்: பள்ளத்தில் தவறில்லை, பூமி என்றால் பள்ளம் இருக்கும். தவறு மூலைகளில். ஆகவே நான்கு மூலைகளையும் வெட்டிச் சரித்து, பள்ளத்தை இயற்கையான வட்ட வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுப்பு: எல். டார்வர்.

"மூடச் சொன்னா தோண்டச் சொல்றாங்களேம்மா" என்றார் லூஷியஸ்.

"மூடணும்னா காரணம் எழுதணும் மிஸ்டர் லூஷியஸ். தோண்டறதுக்கு அந்தக் கட்டமே கிடையாது" என்றார் ராங்கின். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

லூஷியஸ் தோண்டினார். தோண்டவில்லை என்றால் வேறு யாராவது தோண்டுவார்கள். அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மூன்று மூலையைச் சரித்துவிட்டு வடக்கு மூலைக்கு வந்தார். இரண்டாவது வெட்டிலேயே நீல ஓடு தெரிந்தது. பளபளவென்று, நேற்றுப் பதித்ததுபோல் இருந்தது. ஓட்டில் கறுப்பு எழுத்தில் '9 அடி'. அதன் பக்கத்தில் மண் கொஞ்சம் உதிர்ந்து, உள்ளே எங்கோ போய் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க நேரம் பிடித்தது.

ராங்கினிடம் ஓடினார். ராங்கின் தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் பென்ரோஸைக் கூப்பிட்டார். அந்த நீல ஓட்டின் மேல் உடனே துணிபோட்டு மூடும்படி உத்தரவு வந்தது. மாணவர்கள் கண்ணில் பட்டால் அந்த நீல ஓடுகூடப் பாடப்பொருளாகிவிடும். வேலி போட லூஷியஸ் கேட்டார். வேலி என்ற சொல் விசாரணையில் நீக்கப்பட்ட சொல் என்பதால் மஞ்சள் கயிறு கட்ட அனுமதித்தார்கள். 'அபாயம்' என்று பலகை வைக்கக் கேட்டார். என்ன அபாயம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆகவே 'தயவுசெய்து சுற்றிச் செல்லவும்' என்று வைத்தார்கள். கடைசியாக வகுப்பு வகுப்பாக ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது: மைதானத்தின் அந்தப் பகுதி குறித்து மாணவர்கள் யாரிடமும் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் பெற்றோருக்குத் தகவல் அனுப்பப்படும்.

அது வாசிக்கப்பட்டபோது நாலாம் வகுப்பு முழுவதும் ஐவியைத் திரும்பிப் பார்த்தது. தாத்தா அவளோடு பேசி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு இடைவேளை மணி அடித்தால் லூஷியஸ் போட்டது போட்டபடி மைதானத்துக்கு வந்துவிடுவார். மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் வடக்கு மூலையை மறைத்துக்கொண்டு நிற்பார். பந்து வந்தால் எடுத்து எறிவார். தினமும் காலை இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து யாருக்கும் தெரியாமல் தள்ளுவண்டியில் மண் கொட்டினார். அத்தனையும் உள்ளே போயிற்று. முழங்கால் வீங்கியது. வெர்னா திட்டிக்கொண்டே உப்பு ஒத்தடம் கொடுத்தாள். இப்படிப் பதினேழு நாள்.

பதினெட்டாம் நாள் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்தது. பாடத்திட்டம் இல்லாமல் கற்பித்த ஊழியர்கள் நடுநிலைப் பயிற்சிக் காணொளியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், இன்றே கடைசி நாள்.

"இடைவேள முடியட்டும்மா, வந்து பாக்குறேன்" என்றார் ராங்கினிடம்.

"இருபது நிமிஷந்தான் மிஸ்டர் லூஷியஸ். இல்லேன்னா உங்கள வேலையில வச்சிருக்க எனக்கு அதிகாரமில்ல. அப்புறம் அங்க யாரு நிப்பா சொல்லுங்க?"

அந்தக் கேள்வி நியாயமாக இருந்தது. அவர் உட்கார்ந்தார். திரையில் கோட்டும் டையும் அணிந்த ஒருவர், ஒரு தகவலைச் சொல்வதற்கு முன் அது தேவையா என்று மூன்று முறை யோசியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்காவது நிமிடம் வெளியே பிள்ளைகளின் கூச்சல் மாறியது. இருபத்தொன்பது வருடம் கேட்ட காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மைதானத்தில் பிள்ளைகள் தள்ளித் தள்ளி நின்றார்கள். மஞ்சள் கயிறு கட்டியபடியே இருந்தது. வடக்கு மூலையில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஓர் ஓட்டை. யாரும் கிட்டே போகவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. லூஷியஸ் குப்புறப்படுத்து எட்டிப் பார்த்தார். மக்கிய பலகைகளுக்கு நடுவில் ஐவி கிடந்தாள். ஒரு கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

ஏணிக்கு ஆள் ஓடியது. அவர் காத்திருக்கவில்லை. நீல ஓட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, கையை விட்டார். முழங்கால் நொறுங்கியதுபோல் வலித்தது. அந்தக் குளத்துக்குள் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, இரண்டுக்கும் நேரமில்லை. சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு அடியில் வைத்தார்.

"அசையாத கண்ணு. நான் வந்துட்டேன்ல? எங்க வலிக்குது, சொல்லு."

ஐவி வலியைப் பற்றிப் பேசவில்லை. முகமெல்லாம் மண். மேலே ஓட்டையைச் சுற்றித் தெரிந்த பெரியவர்களின் தலைகளைப் பார்த்தாள். முதல்வர் அங்கே இருந்தார். பயந்துபோய் லூஷியஸின் கையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னாள்.

"மிஸ்டர் லூஷியஸ், நான் ஒண்ணுமே கேக்கல. பந்து எடுக்கத்தான் வந்தேன், சும்மா விழுந்துட்டேன். இது என்ன எடம்னுகூடக் கேக்கல. தாத்தாகிட்ட அத மட்டும் சொல்லிருங்க."

"சொல்றேன் கண்ணு" என்றார் லூஷியஸ்.